குழுக் கடன் குடும்பத்தைத் தூக்கிவிடுமா? சென்னைக் குடிசைப் பகுதி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, நொச்சிக்குப்பம், கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று எங்கே போனாலும், காலை நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பெண்கள் கூடி டியூ கட்டிக்கொண்டிருப்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சென்னைக் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு வங்கி மேலாளரின் அறையைவிடக் குழு லீடரின் வீடுதான் பழக்கம். கடன் வாங்க யோசிப்பவர்களுக்கும், வாங்கிவிட்டுத் திணறுபவர்களுக்கும், குழு நடத்துபவர்களுக்கும் இந்தக் கேள்வி பதில்கள்.

நுண்கடன் என்று எதைச் சொல்கிறார்கள்?

வாரக் கடன், மாத லோன், குரூப் லோன், மகளிர் லோன் என்று பெயர் பலவாக இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்றுதான். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு எதுவும் வாங்காமல் கொடுக்கும் கடன்தான் நுண்கடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். வங்கி கொடுத்தாலும், சிறு நிதி வங்கி கொடுத்தாலும், நிதி நிறுவனம் கொடுத்தாலும் இந்த விதி பொருந்தும். வீட்டுப் பத்திரம், நகை, வெற்றுக் காசோலை என்று எதையாவது ஈடாகக் கேட்டால் அது நுண்கடன் இல்லை.

வாங்கினால் வாழ்க்கை உண்மையிலேயே மேம்படுமா?

எல்லோருக்கும் மேம்படாது. ஐதராபாத் குடிசைப் பகுதிகளில் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ குழுவினர் இதை நேராகவே சோதித்தார்கள். 104 பகுதிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் மட்டும் 2005 முதல் ஒரு நுண்கடன் நிறுவனம் கிளை திறந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் கூடுதல் முதலீடு செய்திருந்தார்கள். குடும்பச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு ஆகியவற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை.

இதை வைத்துக் கடனே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நுண்கடனைவிட அதிக வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க அது நன்றாக உதவும். ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குக் கைமுதல் சேர்க்கவும் உதவும். தொழிலே தெரியாதவருக்கு 40,000 ரூபாயைக் கொடுத்துக் கடை வைக்கச் சொன்னால், ஆறு மாதத்தில் கடை போய் டியூ மட்டும் மிஞ்சுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

தண்டலைவிட இது மலிவா? 24 சதவீதம் என்கிறார்களே.

மலிவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டலில் 10,000 என்று எழுதி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைவதால், உங்கள் கையில் சராசரியாக இருந்த பணம் 4,250 ரூபாய் அளவுதான். 4,250க்கு 100 நாளில் 1,500 வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 129 சதவீதம். இதே தொகையை இதே நாட்களுக்கு 24 சதவீதத்தில் வாங்கியிருந்தால் வட்டி 280 ரூபாயைத் தாண்டாது.

கோயம்பேட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களிடம் நடக்கும் காலை மாலை வட்டி இன்னும் கொடியது. காலையில் 2,700 வாங்கி மாலையில் 3,000 கொடுத்தால் ஒரு நாள் வட்டி 300. மாதம் 25 நாள் வியாபாரம் என்றால் 7,500 ரூபாய் வட்டியாகவே போகிறது, அசல் ஒரு ரூபாயும் சேர்வதில்லை. அந்த 2,700 ரூபாய் உங்கள் சொந்தப் பணமாகிவிட்டால் மாதம் 7,500 வீட்டுக்கு வரும். கடன் வாழ்க்கையை மாற்றும் என்றால் முதலில் இங்கேதான் மாற்றும்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி, தினவட்டி, மணி வட்டி ஆகியவற்றை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கைமுதலுக்கு 5,000 ரூபாய்தான் தேவை. ஆனால் 40,000க்குக் குறைந்து தர மாட்டேன் என்கிறார்களே?

தேவைக்கு மேல் வாங்காதீர்கள். மீதி 35,000 டிவியாகவும் விசேஷச் செலவாகவும் போய்விடும், டியூ மட்டும் 40,000க்கு வரும். தள்ளுவண்டி, தரைக்கடை, கூடை வியாபாரம் செய்பவர்கள் பிரதமரின் ஸ்வநிதி கடனை முதலில் பாருங்கள். 2020 ஜூனில் தொடங்கிய திட்டம் இது. 2025இல் மாற்றியமைத்த பிறகு முதல் தவணையில் 15,000, அதைக் கட்டி முடித்தால் 25,000, அதற்குப் பிறகு 50,000 வரை தருகிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமாக உங்கள் கணக்குக்கு வரும். 15,000 ரூபாயை 12 மாதத்தில் கட்ட, வங்கியின் வட்டியைப் பொறுத்து மாதம் 1,330 முதல் 1,420 ரூபாய் வரை ஆகும். மாநகராட்சி தரும் தெருவியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ தேவை. பலருடைய மனு இங்கேதான் நின்றுபோகிறது. ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா, ஆதாரில் இணைத்த செல்போன் எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலிலேயே சரிபாருங்கள்.

வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடனாக வைத்துவிடலாம். அதன் வட்டி பெரும்பாலும் நுண்கடன் வட்டியில் பாதி அளவுக்குள்தான் இருக்கும்.

‘12 சதவீதம்தான்’ என்று ஒருவர் சொல்கிறார், ‘24’ என்று இன்னொருவர் சொல்கிறார். எது குறைவு?

சதவீதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிலையான வட்டி என்றால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவார்கள். குறையும் வட்டி என்றால் மீதி அசலுக்கு மட்டும். 40,000 ரூபாயை 24 மாதத்துக்கு, 24 சதவீதம் குறையும் வட்டியில் வாங்கினால் மாதத் தவணை 2,115 ரூபாய், மொத்த வட்டி 10,760 அளவு. அதே 24 சதவீதம் நிலையான வட்டியானால் தவணை 2,467, வட்டி 19,200. 12 சதவீதம் நிலையான வட்டி என்று ஆசை காட்டுவது, நடப்பில் குறையும் வட்டி 22 சதவீதத்தை நெருங்கிவிடும்.

மூன்றே கேள்விகள் கேளுங்கள்: என் கைக்கு எவ்வளவு வரும்? தவணை எவ்வளவு? எத்தனை தவணை? தவணைத் தொகையை எண்ணிக்கையால் பெருக்கி, கைக்கு வந்ததைக் கழித்தால் கடனின் மொத்தச் செலவு தெரிந்துவிடும். கைக்கு வருவது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். செயலாக்கக் கட்டணம் 1 சதவீதம் என்றால் 400, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72, போதாததற்குக் காப்பீட்டுப் பிரீமியம். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் ஒரே தாளில் காட்டும் தகவல் தாளையும், உங்களுக்குப் புரியும் மொழியில் லோன் கார்டையும் தருவது நிறுவனத்தின் கடமை. குக்கர், மிக்ஸி, செல்போன் வாங்கினால்தான் லோன் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

எங்கள் குடும்பம் எவ்வளவு தவணை தாங்கும்?

எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கணவரின் பைக் தவணையும் இதில் சேரும். மாதம் 20,000 வருமானம் என்றால் 10,000 உச்சம். ஆனால் அந்த உச்சம் கடன் கொடுப்பவருக்குப் போட்ட வேலி. வாடகை, கரண்ட், ஸ்கூல் வேன், கேஸ் எல்லாம் கொடுத்த பிறகு சென்னையில் பாதி வருமானம் தவணைக்கு மிஞ்சாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வருமானத்தையும் நல்ல மாதத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். சித்தாள், பெயிண்டர், கட்டட வேலை செய்பவர்கள் நவம்பர் மாதத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். காசிமேட்டில் மீன் விற்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். விசைப்படகு போகாத அந்த நாட்களில் வரத்து குறைந்து கூடைக்கே மீன் இருக்காது. டியூ மட்டும் தடைக்காலம் பார்க்காது.

கருவி வாங்கும் கடனுக்கு ஓர் அளவுகோல்: அந்தக் கருவியால் வரும் கூடுதல் லாபம் தவணையைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இட்லிக் கடைக்குப் பெரிய கிரைண்டர் வாங்க 30,000 ரூபாய் என்றால் (24 சதவீதம், 24 மாதம்) தவணை 1,586. மாதம் 25 நாள் கடை நடந்தால் ஒரு நாளுக்கு 63 ரூபாய். ஆக, தினம் குறைந்தது 127 ரூபாயாவது கூடுதலாக நிற்க வேண்டும். மாவு கூடுதலாக அரைக்க முடியும் என்பது சரி, அத்தனை இட்லி அந்தத் தெருவில் விற்குமா என்பதை முதலில் பாருங்கள்.

வாரத் தவணை நல்லதா, மாதத் தவணையா?

பணம் வரும் நாளை ஒட்டித் தவணை இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் போய் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு மாதத் தவணை, 5 முதல் 10 தேதிக்குள். பூக்கட்டி விற்பவருக்கும் டிபன் கடைக்காரருக்கும் வாரத் தவணை சரியாக வரும், பணம் கையில் நின்றால் கரைந்துவிடும் என்பதால். முதல் தவணை எப்போது என்பதும் முக்கியம். கொல்கத்தாவில் நடந்த ஒரு சோதனையில், இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியவர்களைவிட இரண்டு மாதம் கழித்துத் தொடங்கியவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், பின்னாளில் லாபமும் அதிகம் பார்த்தார்கள். கட்டாமல் விட்டவர்களும் அவர்களில்தான் கூடுதல். அதனால்தான் நிறுவனங்கள் அவகாசம் தரத் தயங்குகின்றன. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சுயஉதவிக் குழுவும் லோன் குரூப்பும் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் நிறையப் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். லோன் குரூப் என்பது கடனுக்காகச் சேர்ந்த கூட்டுப் பொறுப்புக் குழு. கடன் தனித்தனிப் பெயரில் இருக்கும், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டும்படி நெருக்குவார்கள். சுயஉதவிக் குழு சேமிப்பில் தொடங்குவது. 10 பேருக்குக் குறையாமல் சேர்ந்து, மாதாமாதம் சேமித்து, அந்தப் பணத்தை உள்ளுக்குள்ளேயே கடனாகச் சுற்ற விடுவார்கள். மாதம் 1 அல்லது 2 சதவீதம் என்று குழு வைக்கும் வட்டி குழுவின் நிதியிலேயே சேரும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தரம் பார்த்து வங்கி கடன் கொடுக்கும், வட்டியும் நிதி நிறுவனத்தைவிடக் குறைவு. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் தொடங்கிய வங்கி இணைப்பு முறை இது. பகுதியில் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சமுதாய அமைப்பாளர் யார் என்று விசாரித்தால் குழு தொடங்க வழிகாட்டுவார்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, தெருவியாபாரப் பெண்களை அண்டை வீட்டுக் குழுக்களாகச் சேர்த்து வங்கிக் கடன் வாங்கித் தந்தது. வங்கிகள் அலைக்கழித்ததால் 1981இல் பெண்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது.

குழு எங்கே உடைகிறது? கணக்குப் புத்தகத்தில்தான். பாஸ்புக், நோட்டு, முத்திரை மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அன்றே ஆபத்து தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் ஒருவரிடமும் பாஸ்புக் இன்னொருவரிடமும் இருக்கட்டும், ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கைச் சத்தமாகப் படியுங்கள். அடுத்த தவறு, வங்கியிலிருந்து வந்த 3 லட்சத்தை 12 பேருக்கு ஆளுக்கு 25,000 என்று சமமாகப் பிரிப்பது. தேவை இல்லாதவரும் வாங்கிச் செலவழிப்பார், தேவை உள்ளவருக்குப் போதாமல் மறுபடி தண்டலுக்குப் போவார். தேவையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும், சண்டை வந்தாலும்.

‘உன் பேர்ல எடுத்துக் கொடு, டியூ நான் கட்டிக்கிறேன்’ என்று லீடர் அக்கா கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. எத்தனை நெருங்கியவராக இருந்தாலும் கூடாது. நிறுவனத்தின் கணக்கில் கடன்காரர் நீங்கள்தான். அவர் ஊரைவிட்டுப் போனால் டியூ உங்கள் வாசலுக்கு வரும், கடன் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் கெடும். சொல்லத் தயக்கமாக இருந்தால், ‘வீட்டுக்காரர் ஆதார் கொடுக்க மாட்டேங்கறார்க்கா’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள். ஓடிபி, கைரேகை, ஏடிஎம் கார்டு எதையும் இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். உங்களுக்கே தெரியாமல் உங்கள் பெயரில் கடன் இருக்கிறதா என்று பார்க்க, கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம்.

வீட்டைச் சரிசெய்ய, கழிவறை கட்ட, தண்ணீர் இணைப்புக்குக் கடன் வாங்கலாமா?

வீட்டுக் கடன் கல்லாவில் காசு சேர்க்காது. அது ஏதாவது ஒரு செலவை நிறுத்துகிறதா என்று பாருங்கள். தினம் ஒரு கேன் தண்ணீர் 35 ரூபாய்க்கு வாங்கினால் மாதம் 1,050. இணைப்பு வந்து அந்தச் செலவு நின்றால் அதுவே தவணைக்கு ஆகும். ஒழுகும் கூரையால் மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் என்று நாள் கூலி இழந்தால் கூரை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. டைல்ஸ், பால்ஸ் சீலிங் போன்றவை சேமிப்பிலிருந்து வரட்டும்.

இடம் யாருடையது என்பதை மறந்துவிட வேண்டாம். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் கரையிலும் புறம்போக்கிலும் உள்ள வீட்டில் கடன் வாங்கி மாடி எழுப்பினால், அகற்றும் நாளில் வீடு போகும், கடன் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் கழற்றி எடுத்துப் போகக்கூடியதில் மட்டும் பணம் போடுங்கள்: தகரம், இரும்புக் குழாய், தண்ணீர் டிரம், மோட்டார்.

வாரியக் குடியிருப்புக்கு மாற்றப் போகிறார்கள். நடப்பில் உள்ள கடனை என்ன செய்வது?

முன்பு குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அது ஒதுக்கும் பெரும்பாக்கம் போன்ற இடங்கள் நகரின் நடுவிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கின்றன. வீட்டு வேலைக்கு நடந்து போன பெண்ணுக்கு அங்கிருந்து இரண்டு பஸ். சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள். முதல் ஆறு மாதம் வருமானம் குறையும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மாற்றத் தேதி தெரிந்த நாளே கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, தவணைக் காலத்தை நீட்டச் சொல்லுங்கள். குழு கூடும் பழைய இடத்துக்கே வந்து கட்டச் சொன்னால் புதிய முகவரிக்கு அருகிலுள்ள கிளைக்கு மாற்றக் கேளுங்கள். புதிய இடத்தில் போய் இறங்கிய வாரமே லோன் கொடுக்க ஆட்கள் வருவார்கள், அப்போது வாங்காதீர்கள்.

டியூ கட்ட இன்னொரு லோன் வாங்கலாமா?

இதை ரோலிங் என்கிறார்கள். மூன்றாவது ரோலிங்கில் குடும்பம் தண்டலில் போய் நிற்கிறது. மேலும் கடன் வாங்குவதற்குப் பதிலாக, எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, மீதி எவ்வளவு, தவணை, வட்டி. வட்டி அதிகமான தண்டலையும் மீட்டரையும் முதலில் அடையுங்கள். 2010இல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்கள் நெருக்கடியில் சிக்கியதற்கு ஒரே குடும்பத்துக்கு நாலைந்து நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுத்ததே பெரிய காரணம்.

மகளிர் உரிமைத்தொகையாக 2023 செப்டம்பர் முதல் வரும் 1,000 ரூபாயைக் காட்டி லோன் தருகிறேன் என்பவர்களிடமும் கவனம் தேவை. அது அரிசி, பருப்புக்கு உதவும் பணம். அதைத் தவணைக்கு எழுதிக் கொடுத்தால் மாதக் கடைசியில் மறுபடி கைமாற்று வாங்க வேண்டிவரும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக வேண்டுமே?

கடனுக்கு முன்னால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே, ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வசூலுக்கு வருபவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறார். என்ன செய்யலாம்?

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யவோ வரவோ கூடாது. வசூல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை நீங்கள் அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். மிரட்டுவது, கெட்ட வார்த்தை, அக்கம்பக்கத்தில் பெயரைக் கெடுப்பது, உறவினரைத் தொந்தரவு செய்வது எல்லாமே தடை. தாமத அபராதம் பாக்கித் தவணைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கு இல்லை. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

அவர் பெயர், அடையாள எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள். லோன் கார்டில் உள்ள குறைதீர் எண்ணுக்குப் புகார் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448இல் வழி சொல்வார்கள். கை வைத்தாலோ வீட்டுக்குள் நுழைந்தாலோ அங்கிருந்தபடியே 112 அல்லது பெண்கள் உதவி எண் 181.

உண்மையாகவே கட்ட முடியவில்லை. ஜெயிலில் போடுவார்களா?

பணமில்லாமல் தவணை தவறுவது குற்றமல்ல. அது உரிமையியல் விவகாரம், போலீஸ் கைது செய்ய முடியாது. பாத்திரம், கேஸ் அடுப்பு, ரேஷன் கார்டு எதையும் தூக்கிக்கொண்டு போகும் உரிமை யாருக்கும் இல்லை. தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய், காரணத்தையும் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 500 ரூபாயானாலும் கட்டிக்கொண்டே வந்து ரசீது வையுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போகும், கடன் அறிக்கையில் பதியும், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும். நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்கு அழையுங்கள். மனம் உடைந்து போயிருந்தால் 104இல் எந்த நேரமும் பேசலாம். கடனுக்காக உயிரை விட வேண்டியதில்லை, எந்தக் கடனுக்கும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்?

பெரும்பாலான நுண்கடனில் காப்பீடு சேர்ந்தே வரும், அதன் பிரீமியத்தை முதலிலேயே உங்களிடம் பிடித்திருப்பார்கள். வாங்கியவர் மட்டுமா, இணைக் கையெழுத்துப் போட்ட கணவரும் சேர்த்தா என்பதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே கேளுங்கள். இறப்பு நேர்ந்தால் உடனே கிளைக்குச் சொல்லி, இறப்புச் சான்று, ஆதார், லோன் கார்டு நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காப்பீட்டுக் கோரிக்கை முடிவாகும் வரை டியூ கட்டச் சொல்லி நெருக்கினால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். காப்பீட்டுத் தொகை மீதிக் கடனைவிட அதிகமாக இருந்தால், எஞ்சியது நாமினிக்கு வர வேண்டிய பணம். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதை யாரும் கேட்பதில்லை. குழுவில் உள்ளவர்கள் உடன் போய்க் கேட்டு வாங்கித் தாருங்கள்.